எத்தனை அலகுகள், எந்தக் குரோமோசோமில்? டி4இசட்4 பகுதியை நுண்ணோக்கியில் எண்ணிய நிகழ்வு ஆய்வு

நான்காம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனியில், 4கியூ35 என்று குறிக்கப்படும் இடத்தில், ஏறத்தாழ 3,300 எழுத்துகள் நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு டி4இசட்4 என்று பெயர். பெரும்பாலானவர்களிடம் இந்த வரிசையில் 11 முதல் 100க்கும் மேற்பட்ட அலகுகள் இருக்கும். அந்த எண்ணிக்கை பத்துக்கோ அதற்குக் கீழோ குறைந்தவர்களில் பலருக்கு, பதின்ம வயதிலோ இருபதுகளிலோ முகத்தசைகள் தளரத் தொடங்குகின்றன. தூங்கும்போது கண் இமைகள் முழுதாக மூடுவதில்லை. விசில் அடிக்க முடிவதில்லை. பிறகு தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து இறக்கை போல் துருத்திக்கொள்கிறது. கையைத் தலைக்கு மேல் உயர்த்துவது கடினமாகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிற்காலத்தில் சக்கர நாற்காலியை நம்பி வாழ நேர்கிறது. 1880களில் லாண்டூசி, டெஜரீன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த இந்த நோய், முகம்-தோள்பட்டை-மேற்கைத் தசைச்சிதைவு. மருத்துவ வட்டாரங்களில் சுருக்கமாக எஃப்.எஸ்.ஹெச்.டி.

ஒளி நுண்ணோக்கியால் டி.என்.ஏ. மூலக்கூறின் மீது இடங்களைக் குறித்துப் பார்க்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான நோய் எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலான மரபு நோய்களில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். இங்கே நோயாளியின் டி4இசட்4 அலகை எழுத்தெழுத்தாகப் படித்தாலும், நலமாக இருப்பவரின் அலகில் இருப்பதே பெரும்பாலும் அதிலும் இருக்கும். எத்தனை அலகுகள், எந்தக் குரோமோசோமில், அவற்றுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளில்தான் விடை இருக்கிறது. மூன்றும் இடம் பற்றிய கேள்விகள். மூன்றுக்கும் ஒரே மூலக்கூறிலிருந்து விடை கிடைக்க வேண்டும்.

நோய் உண்டாக என்னென்ன கூடி வர வேண்டும்

1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நோயின் இடம் நான்காம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டார்கள். 1992இல் அங்கே ஒரு டி.என்.ஏ. துண்டு நோயாளிகளிடம் குட்டையாக இருப்பது தெரிந்தது. துண்டு குட்டையானால் நோய் வருவது ஏன் என்பது புரிய மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

ஒவ்வொரு டி4இசட்4 அலகுக்குள்ளும் டக்ஸ்4 என்ற மரபணு இருக்கிறது. கரு உருவாகும் முதல் சில நாட்களில் அது வேலை செய்கிறது; பிறகு தசை போன்ற திசுக்களில் அடைக்கப்பட்டுவிடுகிறது. அலகுகள் நிறைய இருக்கும்போது மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டி அந்தப் பகுதி முழுவதையும் இறுக்கிப் பூட்டி வைக்கின்றன. அலகுகள் குறைந்தால் பூட்டு தளர்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. வரிசையின் கடைசி அலகை அடுத்துள்ள டி.என்.ஏ. இரண்டு வகையில் அமையலாம்: 4கியூஏ, 4கியூபி. ஏ வகையில் மட்டும், டக்ஸ்4 மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வின் வால் நிலைபெறத் தேவையான ஏ-டி-டி-ஏ-ஏ-ஏ என்ற சமிக்ஞை இருக்கிறது. 2010இல் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெம்மர்ஸ், வான் டெர் மாரெல் குழுவினர் இதை நிறுவினார்கள். வரிசை குட்டையாக இருந்தும் முடிவு பி வகையாக இருந்தால் ஆர்.என்.ஏ. நிலைக்காமல் சிதைந்துவிடும், நோய் வராது.

அடுத்தது, பத்தாம் குரோமோசோமின் நுனியிலும் இதேபோன்ற வரிசை இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து 98, 99 சதவீதம் ஒத்துப்போகும் அந்த இரட்டை எவ்வளவு குட்டையானாலும் வழக்கமாக நோய் வராது. இன்னொன்றும் உண்டு: நான்காம் குரோமோசோமின் அந்த நுனி முழுவதுமாக உடைந்து, ஓர் அலகுகூட இல்லாமல் போனவர்களுக்கும் இந்த நோய் வருவதில்லை. ஒன்றாவது இருக்க வேண்டும். நோயின் வழக்கமான வகையில் பத்துக்கு மேல் போகக் கூடாது. நான்காம் குரோமோசோமில் இருக்க வேண்டும். ஏ வகையில் முடிய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு உறுதியாகப் பதில் சொல்ல வேண்டுமானால் ஆய்வகம் இவை அத்தனையையும் பார்த்தாக வேண்டும்.

150 எழுத்துகளாக நறுக்கிப் படிக்கும் இன்றைய வழக்கமான டி.என்.ஏ. வாசிப்புக் கருவிகள் இங்கே உதவுவதில்லை. 150 எழுத்துள்ள துண்டு ஏழாவது அலகிலிருந்து வந்ததா, நாற்பதாவது அலகிலிருந்தா, பத்தாம் குரோமோசோமிலிருந்தா என்று சொல்ல வழியே கிடையாது.

பழைய சோதனை

முப்பதாண்டுகளாக இந்த நோயைக் கண்டறிய நம்பியிருந்தது சதர்ன் பிளாட் முறையை. இரத்த அணுக்களை அகரோஸ் ஜெல் கட்டிக்குள் வைத்து, டி.என்.ஏ. உடையாமல் பிரித்து, ஈகோஆர்ஐ என்ற நொதியால் வெட்டுவார்கள். அந்த நொதி டி4இசட்4 அலகுகளுக்குள் வெட்டாது. வரிசை முழுவதும் ஒரே துண்டாக வெளிவரும். ஜெல்லில் மின்புலம் கொடுத்து ஒரு நாளுக்கு மேல் ஓடவிட்டு, வரிசைக்குச் சற்று முன்னால் ஒட்டும் பி13ஈ-11 என்ற கதிரியக்கப் புரோபை (குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் சிறு டி.என்.ஏ. துண்டை) சேர்த்தால் துண்டுகள் பட்டைகளாகத் தெரியும். நோயாளிகளின் பட்டை சுமார் 10 முதல் 38 கிலோபேஸ் வரை (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்துகள்). மற்றவர்களுடையது 50 முதல் 300 வரை.

அந்தப் புரோப் பத்தாம் குரோமோசோமிலும் ஒட்டும்; ஆண்களிடம் ஒய் குரோமோசோமிலும் ஒரு சிறு துண்டைக் காட்டும். பத்தாம் குரோமோசோமின் அலகுகளை மட்டும் வெட்டும் பி.எல்.என்.ஐ. என்ற நொதியைச் சேர்த்து இரண்டாம் முறை ஓட்டினால் அந்தக் குழப்பம் ஓரளவு தீரும். ஓரளவுதான், ஏனென்றால் மனிதர்களில் கணிசமானோரிடம் நான்காம், பத்தாம் குரோமோசோம் நுனிகள் ஒன்றுக்கொன்று அலகுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. நான்காம் வகை அலகும் பத்தாம் வகை அலகும் கலந்த வரிசைகளும் உண்டு. ஏ வகையா பி வகையா என்று அறிய வேறொரு நொதியும் வேறு புரோப்களும் கொண்டு மூன்றாவது சோதனை. ஒவ்வொரு சோதனையிலும் பட்டை தருவது நீளத்தை மட்டும். மூன்று சோதனைகளின் நீளங்களைப் பொருத்திப் பார்த்து, எது எதனோடு இருந்தது என்று ஊகிக்க வேண்டும். தொடுத்த மாலையைப் பிரித்துப் பூக்களை அளவு வாரியாகக் கூடைகளில் போட்ட பிறகு, எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ இருந்தது என்று கேட்பது போன்றது இது.

அந்த ஊகத்தைப் பல்லாண்டுகள் பிழையின்றிச் செய்துவந்த ஆய்வகங்களின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் "முடிவு தெளிவாக இல்லை" என்ற வரியோடு அறிக்கை வரும்போது அதைச் சுமப்பது, குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று காத்திருக்கும் தம்பதி. அந்த வரியைக் குறைக்க முடியும் என்றால் குறைத்தே ஆக வேண்டும்.

மூலக்கூறை நேராக நிறுத்துதல்

செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் நான்காம் குரோமோசோமின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வரும். தடிமனோ இரண்டு நானோமீட்டர். அதில் ஒரு சிறு பகுதியையாவது உடையாமல் நேராக நிறுத்தி ஒளிரச் செய்தால்தான் இடம் பார்க்க முடியும்.

இதற்கு முதல் வழியைக் காட்டியவர் டேவிட் ஷ்வார்ட்ஸ். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1993இல், அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஈஸ்ட் குரோமோசோம்களை உருகிய அகரோஸில் நீட்டி, அது உறையும்போது நொதியைச் செயல்படவிட்டு, வெட்டு விழுவதை நுண்ணோக்கியிலேயே பார்த்தார்கள். வெட்டப்பட்ட இடத்தில் இரு முனைகளும் சுருங்கி இடைவெளி தோன்றும். துண்டுகள் இருந்த இடத்திலேயே இருப்பதால் அவற்றின் வரிசை அழியாது. சதர்ன் பிளாட் தொலைத்த தகவல் அதுதான்.

அடுத்த ஆண்டே பாரிஸிலிருந்து ஆரோன் பென்சிமோனும் டேவிட் பென்சிமோனும் அவர்களது குழுவினரும் மூலக்கூறுச் சீவல் என்ற முறையை வெளியிட்டார்கள். நீரை ஒட்டவிடாத பூச்சுள்ள கண்ணாடித் தகட்டை, அமிலத்தன்மை சரியாக அமைந்த டி.என்.ஏ. கரைசலில் வைத்தால் மூலக்கூறின் முனைகள் மட்டும் கண்ணாடியில் ஒட்டும். தகட்டை மெல்ல வெளியே இழுக்கும்போது பின்வாங்கும் நீர்விளிம்பு ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரே விசையோடு இழுத்து நேராக்கிவிட்டுப் போகிறது. காய்ந்த தகட்டில் ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. இழைகள் இணையாகக் கிடக்கும். இயல்பான நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீண்டு, எல்லா இழைகளும் ஒரே அளவில்: ஒரு மைக்ரோமீட்டருக்கு இரண்டு கிலோபேஸ். இந்த ஒரே சீரான நீட்சியே அந்த முறையின் பெரும் சிறப்பு. நுண்ணோக்கியில் அளந்த தொலைவை இரண்டால் பெருக்கினால் போதும், எழுத்துக் கணக்கு வந்துவிடும்.

மூன்றாவது வழி சிலிக்கான் தொழில்நுட்பத்தின் கொடை. சுமார் 45 நானோமீட்டர் அகலமுள்ள நுண்கால்வாய்களுக்குள் மின்புலத்தால் டி.என்.ஏ.வைத் தள்ளினால், மடிந்துகொள்ள இடமில்லாமல் அது தன் முழு நீளத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீண்டு நிற்கும். படம் எடுத்த பின் அந்த மூலக்கூறுகளை வெளியேற்றி அடுத்தவற்றை உள்ளே விடலாம். 2012இல் இந்த முறையால் நோயெதிர்ப்பு மரபணுக்கள் செறிந்த மனித எம்.ஹெச்.சி. பகுதியின் வரைபடம் உருவாக்கப்பட்டது. சான் டியாகோவிலுள்ள பயோநானோ நிறுவனத்தின் கருவிகள் இந்த அடிப்படையில் இயங்குகின்றன. இதில் டி.என்.ஏ.வை வெட்டுவதில்லை. ஆறேழு எழுத்துகள் கொண்ட குறிப்பிட்ட ஒரு தொடர் வரும் இடங்களில் மட்டும் ஒளிர்சாயத்தை ஒட்டும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள்; இப்போது பரவலாக இருப்பது சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்ற தொடரை அடையாளம் காண்பது. மூலக்கூறின் உடல் ஒரு நிறத்தில், குறித்த இடங்கள் வேறொரு நிறத்தில் தெரியும். புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவுகளின் வரிசையே அந்த மூலக்கூறு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும்.

எவ்வளவு நுணுக்கம் தேவை?

டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.34 நானோமீட்டர். 1873இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்த வரம்பின்படி, சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 முதல் 250 நானோமீட்டருக்குள் நெருங்கிய இரு புள்ளிகளை ஒரே மங்கலாகக் காட்டும். அதாவது முழுதாக நீட்டிய டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 700 எழுத்துகளுக்குள் இரண்டு தளங்கள் வந்தால் அவை ஒன்றாகிவிடும்.

இந்த வரம்பைத் தாண்டும் முறைகள் உண்டு. அவற்றுக்காகவே எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவரும் 2014இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். சாய மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் எரியவிடாமல் தனித்தனியே மின்னச் செய்தால், ஒவ்வொரு மங்கலின் நடுப்புள்ளியையும் கணித்து இடத்தைச் சில பத்து நானோமீட்டருக்குள் சொல்லலாம். 2010இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் யோஹான் ஹோஃப்கென்ஸ் குழுவினர், லித்துவேனியாவின் கிளிமஷாவ்ஸ்கஸுடன் சேர்ந்து இதை டி.என்.ஏ. மீது செய்துகாட்டினார்கள். ஜி-சி-ஜி-சி என்ற தொடரில் வழக்கமாக மெத்தில் குழுவை ஒட்டும் மெத்தில் மாற்று நொதியை, அதற்குப் பதில் சாயத்துக்கான பிடியை ஒட்டப் பயன்படுத்தினார்கள். 48,502 எழுத்துகளுள்ள லாம்டா வைரஸ் டி.என்.ஏ.வில் அந்தத் தொடர் 215 இடங்களில் வருகிறது. சராசரி இடைவெளி 226 எழுத்துகள். சாதாரண நுண்ணோக்கியில் இவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று கலந்துவிடும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பணி, என் பார்வையில், இத்துறையின் அழகான சாதனைகளில் ஒன்று.

ஆனால் நம் நோய்க்கு அந்த அளவு கூர்மை வேண்டியதில்லை. டி4இசட்4 அலகு 3.3 கிலோபேஸ். நுண்கால்வாயில் அது ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டி வரும். சீவிய தகட்டில் 1.65 மைக்ரோமீட்டர். அபே வரம்பைப் போல் நான்கைந்து மடங்குக்குக் குறையாது. ஐந்து அலகுகள் தகட்டில் 8.25 மைக்ரோமீட்டர், ஆறு அலகுகள் 9.9, கண்ணுக்கே வேறுபாடு தெரியும். இங்கே சிரமமெல்லாம் மூலக்கூறை நீளமாகக் காப்பாற்றுவதில்தான். நான்காம், பத்தாம் குரோமோசோம்களின் ஒற்றுமை வரிசைக்கு முன்னால் பல பத்து கிலோபேஸ் வரை நீள்கிறது. அதையும் தாண்டித் தனித்துவமான பகுதி வரை ஒரு பக்கமும், ஏ அல்லது பி முடிவு வரை மறு பக்கமும் ஒரே இழையாக இருந்தால்தான் மூன்று கேள்விகளுக்கும் ஒருசேர விடை கிடைக்கும். 150 கிலோபேஸுக்குக் குறைந்த இழைகளை நுண்கால்வாய் முறை கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. டி.என்.ஏ. கரைசலைச் சாதாரணக் குழாய்முனையால் வேகமாக உறிஞ்சினாலே அவ்வளவு நீள இழைகள் அறுந்துவிடும் என்பதால், அகன்ற முனைகளால் மிக மெதுவாகக் கையாள வேண்டும். நுண்ணோக்கியின் கூர்மையை மட்டும் விளம்பரப்படுத்துபவர்கள் இந்தக் கைவேலையைப் பற்றிப் பேசாமல் விடுவது சரியல்ல. சோதனையின் வெற்றி பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. நூறு அலகுள்ள வரிசை 330 கிலோபேஸ்; அதை முழுதாகத் தாண்டும் இழை அரிது. ஆனால் ஆபத்து குட்டையான வரிசையில்தான் இருக்கிறது, குட்டையானதைத் தாண்டும் இழைகள் நிறையவே கிடைக்கும்.

தகட்டில் தெரிந்தவை

2011இல் மார்சேயில் நிக்கோலா லெவி குழுவினர் மூலக்கூறுச் சீவலை இந்த நோயாளிகளின் டி.என்.ஏ.வுக்குப் பயன்படுத்திய ஆய்வு வெளிவந்தது. வரிசையின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு நிறப் புரோப்களை, நீளமும் இடைவெளியும் மாறும்படி ஒட்டினார்கள். அந்த நிறக் குறிகளைப் பார்த்தே 4கியூஏ, 4கியூபி, 10கியூஏ, 10கியூபி என நான்கு வகைகளையும் பிரித்து, ஒவ்வொன்றின் அலகுகளையும் அளந்தார்கள். மூன்று தனித்தனிச் சோதனைகளிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது ஒரே படத்தில் கிடைத்தது.

ஆனால் சிக்கலில்லாத வரிசையுள்ள நோயாளிகளில் சதர்ன் பிளாட்டும் சரியான விடையைத்தான் தந்தது. புதிய முறையின் பயன் சிக்கலான மூன்று நிலைகளில் வெளிப்படுகிறது.

முதலாவது, சிலரிடம் வரிசைக்கு முன்னாலுள்ள பகுதி, பி13ஈ-11 புரோப் ஒட்ட வேண்டிய இடத்தோடு சேர்ந்து விடுபட்டிருக்கும். புரோப் ஒட்ட இடமில்லாததால் குட்டையான துண்டு ஜெல்லில் இருந்தும் பட்டையாகத் தெரியாது. சோதனை நோயாளியை நலமானவர் என்று சொல்லிவிடும். நீட்டிய இழையிலோ அந்தப் பகுதி விடுபட்டிருப்பதே படமாகத் தெரிகிறது.

இரண்டாவது, ஒரே நான்காம் குரோமோசோமில் ஒரு நீண்ட வரிசை முடிந்து, சற்றுத் தள்ளி இன்னொரு குட்டையான வரிசை தொடங்கும் இரட்டிப்பு. பட்டை முதல் வரிசையின் நீளத்தை மட்டும் சொல்லும்; இரண்டாவது வரிசை அந்தப் புரோபின் பார்வைக்கே வராது. இப்படிப்பட்ட இரட்டிப்புகள் நோயோடு தொடர்புடையவை என்று கடந்த பத்தாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்தடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்காத எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

மூன்றாவதுதான் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது என்று கருதுகிறேன். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் குறைவு இந்த நோயில் அரிதல்ல. அத்தகைய குடும்பங்களில் சுமார் 40 சதவீதத்தில், நோயாளியோ பெற்றோரில் ஒருவரோ கலப்பு நிலையில் இருக்கிறார்; அதாவது உடலின் சில செல்களில் குட்டையான வரிசை, மற்றவற்றில் நீண்ட வரிசை. ஜெல்லில் இது ஒரு மங்கலான கூடுதல் பட்டை, எளிதில் தவறவிடக்கூடியது. ஒற்றை மூலக்கூறுப் படத்தில் ஒவ்வொரு இழையும் ஒரு செல்லின் ஒரு குரோமோசோமிலிருந்து வந்தது. இரண்டே நான்காம் குரோமோசோம்கள் உள்ள ஒருவரிடம் மூன்று வேறு நீள வரிசைகள் தெரிந்தால் கலப்பு உறுதி. இழைகளை எண்ணினால் விகிதமும் கிடைக்கும். நோய்க்குறியே இல்லாத தாயோ தந்தையோ கலப்பு நிலையில் இருக்கிறாரா என்பது, அடுத்த குழந்தைக்கு உள்ள வாய்ப்பைப் பற்றிய ஆலோசனையையே மாற்றிவிடும்.

நுண்கால்வாய் முறையில் இன்னொரு வசதி உண்டு. பொருத்தமான நொதியைத் தேர்ந்தால் ஒவ்வொரு அலகிலும் ஒரு புள்ளி விழும். கால்வாய்க்குள் வெப்ப அசைவால் இழை சற்றே நீண்டும் சுருங்கியும் கொண்டிருப்பதால், மொத்த நீளத்தை அளந்து வகுப்பதைவிடப் புள்ளிகளையே எண்ணுவது நம்பகமானது. இருந்தாலும் ஓர் இழையை மட்டும் நம்பக் கூடாது. சாயம் ஒட்டாமல் போகும் தளங்களும், இல்லாத இடத்தில் மின்னும் புள்ளிகளும் எப்போதும் இருக்கும். எத்தனை இழைகள் ஒரே எண்ணிக்கையைக் காட்டின என்பது அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

படம் சொல்லாதவை

இந்த வரைபடத்தில் எழுத்துகள் இல்லை. ஏ வகை முடிவு என்று அது சொல்லும். ஏ-டி-டி-ஏ-ஏ-ஏ சமிக்ஞை சிதையாமல் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. பாரஃபின் மெழுகில் பதப்படுத்திய பழைய திசுக்களில் டி.என்.ஏ. ஏற்கெனவே துண்டு துண்டாகியிருப்பதால் இந்த முறைக்கு அவை பயன்படா. புதிய இரத்தமோ வளர்த்த செல்களோ வேண்டும். நானோபோர் போன்ற நீள வாசிப்புக் கருவிகள் இப்போது முழு வரிசையையும் எழுத்துகளோடு படிக்கத் தொடங்கிவிட்டன. குட்டையான வரிசைகளுக்கு அவை ஒளி வரைபடத்துக்கு உண்மையான போட்டி.

இன்னொரு குறை நோயின் இரண்டாம் வகையில் தெரிகிறது. ஏறத்தாழ 5 சதவீத நோயாளிகளிடம் வரிசை அவ்வளவு குட்டையாக இருப்பதில்லை. 2012இல் கண்டறியப்பட்டபடி, அவர்களில் பெரும்பாலானோரிடம் எஸ்.எம்.சி.ஹெச்.டி.1 என்ற வேறொரு மரபணு பழுதாகி, மெத்தில் பூட்டு தளர்ந்துவிடுகிறது. இவர்களிடம் எண்ணிக்கை மட்டும் எதையும் முடிவு செய்யாது. பூட்டு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் ஒளியாலேயே வழி தேடியது டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யுவல் எபென்ஸ்டீன் குழு. டி-சி-ஜி-ஏ என்ற தொடரை அடையாளம் காணும் மெத்தில் மாற்று நொதியைச் சாயத்தோடு பயன்படுத்தினார்கள். அந்தத் தளத்தில் ஏற்கெனவே மெத்தில் இருந்தால் சாயம் ஒட்டாது. இல்லாவிட்டால் ஒட்டி ஒளிரும். இடம் குறிக்கும் சாயம் ஒரு நிறம், மெத்தில் இல்லாத இடத்தைக் காட்டும் சாயம் இன்னொரு நிறம். 2019இல் வெளியான அவர்களது ஆய்வில், நுண்கால்வாயில் நீட்டிய ஒரே இழையிலிருந்து 4கியூ வரிசையின் வகை, அலகுகளின் எண்ணிக்கை, மெத்தில் நிலை மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள்.